‘பேட்ச்’ என்றுதான் சொல்வேன்

லண்டன்
3 மார்ச் 1986

அன்புள்ள ஹெஸ்டர் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இம்முறை வழிதவறாமல் இருக்க, சொல்லவேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு ஏன் எழுதுகிறேன்.
2. எனக்குக் கிடைத்திருக்கும் வேடம்.
3. ஒரு ரொட்டியின் பெயர்.
4. அப்பாவின் அடக்க நாளில் நான் செய்தது தவறில்லை என்பது.
5. ஓர் உதவி.

முதலாவது சுருக்கமானது. எனக்கு அறுபத்தெட்டு வயது, உனக்கு எழுபத்துமூன்று. கிறிஸ்துமஸ் அட்டையில் பெயரை மட்டும் எழுதி அனுப்பிக்கொண்டிருக்க நம் இருவருக்கும் இனி அதிக ஆண்டுகள் இல்லை.

இரண்டாவது. நான் நடித்த ஒவ்வொரு வேடத்துக்கும் ஓர் அட்டை எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. நேற்று எண்ணிப் பார்த்தேன். சினிமா, தொலைக்காட்சி இரண்டும் சேர்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு. அதில் மருத்துவர் நாற்பத்தொன்று, பாதிரியார் இருபத்தொன்பது, நீதிபதி பதினேழு. “கார் தயாராக இருக்கிறது, அம்மா” என்று சொல்லிவிட்டு வெளியேறியதை எண்ணுவதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். முதல் படத்தில், 1947இல், தபால் நிலைய எழுத்தராக எனக்கு இரண்டே சொற்கள். கதை முழுக்க வருகிற மனிதனாக எந்த அட்டையிலும் நான் இல்லை. இப்போது வரப்போகிறேன். நான்கு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சி நாடகம். கோவென்ட்ரியில் ஒரு கார்த் தொழிற்சாலை மூடப்படுகிறது. அங்கே நாற்பது ஆண்டுகள் கருவிப் பட்டறையில் வேலைபார்த்த ஹார்வி என்ற கிழவர்தான் நாயகன். நடிகர்கள் கையேட்டில் ‘பிறந்த ஊர்: கோவென்ட்ரி’ என்று இருந்ததைப் பார்த்து என்னை எடுத்தார்கள். திறமைக்காகவா என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

மூன்றாவது. கடைசி நாளன்று கேன்டீனில் ஹார்வி, கைக்குள் அடங்கும் அந்த உருண்டை ரொட்டியைத் தூக்கிக் காட்டி ஒரு வரி பேசவேண்டும். அதில் ரொட்டிக்கு ‘பார்ம்’ என்று எழுதியிருக்கிறார்கள். அது மான்செஸ்டர்க்காரர்களின் சொல். லண்டனைத் தாண்டினால் எல்லாம் வடக்கு, வடக்கு முழுக்க ஒரே பேச்சு என்று எழுதியவர் நினைத்துவிட்டார். நம் ஊரில் ‘பேட்ச்’. நம் வீட்டிலும் ‘பேட்ச்’. இதை உன்னிடம் கேட்கவில்லை, எனக்கு உறுதியாகத் தெரியும். இயக்குநரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. எழுதிக்கொடுத்த ஒரு வரியையும் ஐம்பது ஆண்டுகளில் நான் மறுத்ததில்லை.

நான்காவது. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் அப்பாவின் அடக்க ஆராதனையில் நான் பைபிளிலிருந்து சங்கீதம் வாசித்தபோது நீ பாதியில் எழுந்து வெளியே போனாய். நான் லண்டன்காரர் வாயால் வாசித்தேன் என்பது உன் குற்றச்சாட்டு. யோசித்துப் பார், அக்கா. அப்பாவுக்குப் பிடித்த அதே சங்கீதம். ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. சொல் சரியாக இருக்கும்போது அது எந்த வாயில் வந்தால் என்ன? நாடகப் பள்ளியில் உச்சரிப்பு திருந்துவதற்காகப் பற்களுக்கு நடுவே சிறு எலும்புத் துண்டை வைத்து இரண்டு ஆண்டுகள் பழக்கிய வாய் அது. எனக்கு வேறு வாய் இருக்கவில்லை.

ஐந்தாவது அதிலிருந்துதான் வருகிறது. ஹார்வியின் வரிகளைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். தோட்டக்காரனைக் கேலிசெய்யும் கடற்படைத் தளபதி போல இருந்தது. நம் பேச்சு என்னிடம் இல்லை. ஓர் ஒலிநாடாவில் நீ அரைமணி நேரம் பேசி அனுப்பினால், கேட்டுப் பழகிக்கொள்வேன். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். என்னைத் திட்டினாலும் போதும்.

உன் தம்பி
ஆம்ப்ரோஸ்


கோவென்ட்ரி
9 மார்ச் 1986

ஆம்ப்ரோஸுக்கு,

கடுதாசி வந்துச்சு. நம்பர் போட்டிருக்கவும் மளிகைக்கடை லிஸ்ட்டுதான் மாறி வந்துடுச்சுன்னு நெனச்சேன். நான் பேசற மாதிரியேதான் எழுதுவேன். எனக்கு இருக்கறது ஒரே வாய்.

உன் நாலாம் நம்பரை மொதல்ல பேசுவோம். அன்னிக்கு சர்ச்சுல மில்லி அத்தை எம்பக்கத்துல உக்காந்திருந்தா. நீ படிக்க ஆரம்பிச்சதும் எங்காதுல, “யாருடி இது, புதுப் பாதிரியாரா? நல்லா படிக்கறாரே”ன்னா. “அத்தை, அது நம்ம ஆம்ப்ரோஸு”ன்னேன். கண்ணை இடுக்கிப் பாத்துட்டு, “போடி, அவன் இப்படியா பேசுவான்?”னா. அதுக்கப்புறம் நான் எப்படி உக்காந்திருக்கறது? அப்பாவை அவரு பெத்த மகன் வழியனுப்பல. எவனோ ஒரு கனவான் வந்து வழியனுப்பினான். சொல்லு மாறலையாம்! பெரிய கண்டுபிடிப்பு.

உன் நாப்பத்தோரு டாக்டரையும் பாத்திருக்கேன், தெரியுமா? ஒண்ணையும் விட்டதில்ல. எல்லாம் ஒரே டாக்டர். “இனி கடவுள் கையில்தான் இருக்கிறது”ன்னு சொல்லி கையுறையைக் கழட்டுவே. நானும் ஒவ்வொரு தடவையும், இந்த டாக்டருக்குள்ள எந்தம்பி எங்கேயாவது எட்டிப் பாக்கறானான்னு தேடுவேன். வெளிய வரவே மாட்டான்.

இப்ப ரொட்டிக்கு வருவோம். உறுதியாத் தெரியுமாம். நம்ம வீட்ல அது ‘காப்’டா! அம்மா ஹிங்க்லிக்காரி. பதிமூணு மைல்தான் தூரம், ஆனா சாகற வரைக்கும் ‘பேட்ச்’னு அவ வாயில வந்ததில்ல. நீ பக்கத்து வீட்ல தின்னுட்டு வந்து “பேட்ச் குடு”ன்னு கேப்பே. “அங்கயே போய்த் தின்னு”ம்பா.

ஆனா ஒண்ணு. ஹார்வி நம்ம வீட்டு ஆள் இல்ல, கார் பேக்டரி ஆளு. அந்த ஆளு ‘பேட்ச்’னுதான் சொல்லுவான். ‘பார்ம்’னு சொல்லிப் பாரு, கேன்டீன்ல ஒரு பொம்பளைகூட உனக்கு டீ ஊத்தமாட்டா. விட்டுக்குடுத்துடாதே.

டேப்புக்கெல்லாம் பேசமாட்டேன். மெஷினைப் பாத்துப் பேச எனக்கென்ன கிறுக்கா? ஞாயித்துக்கிழமை ரயிலேறி வா. கறி வறுத்து வைக்கிறேன், உக்காந்து பேசலாம். மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதே. வாயைச் சரிபண்ணத்தான் கூப்புடறேன்.

ஹெஸ்டர்


கோவென்ட்ரி, படப்பிடிப்பு விடுதி
22 மே 1986

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வீட்டிலிருந்து இரண்டு மைல் தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது வேடிக்கைதான். இன்று உன் எதிரில் உட்கார்ந்து இதைச் சொன்னால் நான் குறைத்துச் சொல்லிவிடுவேன். எழுதினால் நடந்தபடி எழுதுவேன்.

ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் நீ கொடுத்த பயிற்சி வீண்போகவில்லை. நான்காவது ஞாயிறன்று, உருளைக்கிழங்கு தீய்ந்துவிட்டது என்று நான் என்னையறியாமல் நம் ஊர்ப் பேச்சில் கத்தியபோது நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். அன்றிலிருந்து ஹார்வி என் வாயில் தானாக வருகிறான்.

இன்று கேன்டீன் காட்சி. மூடிக்கிடக்கும் தொழிற்சாலையிலேயே எடுத்தார்கள். கூட்டத்தில் உட்கார உள்ளூர்ப் பெண்கள் முப்பது பேர். உன் பக்கத்து வீட்டு பல்பீர் கௌரும் இருந்தார். அதே கேன்டீனில் இருபது ஆண்டுகள் பரிமாறியவர் என்று இன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நான் எழுந்து, ரொட்டியை உயர்த்தி, “கடைசி பேட்ச் இதான், பசங்களா. பங்கு போட்டுத் தின்னுங்க” என்றேன். இயக்குநர் பியர்ஸ் என் தோளில் கைவைத்தார். வயது முப்பத்தைந்து, மிகுந்த மரியாதைக்காரர்.

“அருமை, சார். ஒரே ஒரு சின்ன விஷயம். ‘பார்ம்’.”

“இந்த ஊர்ல அப்படிச் சொல்லமாட்டாங்க, தம்பி.”

“பாக்கறவங்களுக்குப் புரியணுமில்லையா?”

“கையில ரொட்டி இருக்கே. பாத்தாலே புரியுமே.”

“எங்களுக்கு ஒரு வடக்கத்தி வாசனை வேணும், சார்.”

அப்போது பல்பீர் கௌர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: “ஏம்பா லண்டன் தம்பி, இது வடக்கு இல்ல, நடு. மேப்பைப் பாத்துட்டுத்தான் வந்தியா, இல்ல கண்ணை மூடிக்கிட்டு ரயில் ஏறிட்டியா?”

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு முடிந்திருந்தால் நல்லது. கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, “பேட்ச்சும் இல்ல, பார்மும் இல்ல. அது காப்!” என்றாள். ஹிங்க்லிக்காரி. “வந்துட்டாடி, பக்கத்து ஊரு மகாராணி!” என்று ஒருத்தி. “உங்க ஊர்ல ரொட்டி வேற சுடுவீங்களா?” என்று இன்னொருத்தி. பத்து நிமிடம் படப்பிடிப்பு நின்றது. ஒலிப்பதிவாளர் காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

பிறகு மறுபடி எடுத்தார்கள். அக்கா, நான் துணிச்சல்காரன் அல்ல. உணவகத்தில் தவறான உணவு வந்தாலும் சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்கிறவன். ஒருவேளை நான்தான் தவறோ, எழுதியவருக்குத் தெரியாதா என்ன, என்று எனக்குள் ஒரு குரல் பேசிக்கொண்டே இருந்தது. ரொட்டியை உயர்த்தினேன். வரி வரவேண்டிய இடத்தில் வாயைத் திறக்கவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கை நடுங்கி ரொட்டிக்குள் இருந்த வெங்காயம் சட்டையில் விழுந்தது.

“மறந்துட்டீங்களா, சார்? வரியை எடுத்துக் குடுக்கட்டுமா?”

“மறக்கல. நல்லா ஞாபகம் இருக்கு. அதனாலதான் சொல்லல.”

“அப்ப என்ன பண்றது?”

“பேட்ச்னு சொல்றேன். இல்லேன்னா சும்மா நிக்கறேன். ரெண்டுல எது வேணும்னு நீங்க சொல்லுங்க.”

என் வாயிலிருந்தா இது வந்தது என்று நானே திரும்பிப் பார்த்தேன். பியர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார், முப்பது பெண்களைப் பார்த்தார். “சரி, பேட்ச்” என்றார்.

மறுபடி அதே இடத்தில் நின்றால் அதையேதான் செய்வேன்.

ஆம்ப்ரோஸ்


கோவென்ட்ரி
24 மே 1986

ஆம்ப்ரோஸுக்கு,

உன் கடுதாசிக்கு முன்னாடியே கதை வந்துடுச்சு. பல்பீர் என் வீட்டு வாசல்ல நின்னு, ஒரு கையில துடைப்பத்தைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, உன்னை மாதிரியே நடிச்சுக் காட்டினா. “கை அப்படி ஆடுச்சு ஹெஸ்டர், ஆனா வாயி ஆடல”ன்னா.

நம்ம தெருவுக்கே தெரியும். கறிக்கடைக்காரன் என்னைப் பாத்து, “என்னம்மா, உங்க தம்பி லண்டனையே நிறுத்திட்டாராமே”ன்னான். “எங்க தம்பி அப்படித்தான், சின்ன வயசுலேருந்தே”ன்னேன். பொய்தான். இருக்கட்டும்.

அந்த ஹிங்க்லிக்காரி யாருன்னு கேட்டு வை. அவ பேச்சுல நியாயம் இருக்கு.

ஹெஸ்டர்


லண்டன்
14 அக்டோபர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

இதற்கு வரிசை எண் போட முடியவில்லை. எதை முதலில் வைப்பது என்று தெரியவில்லை.

நேற்று மாலை நாடகத்தை எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சிறிய அறை, இருபது பேர். இருட்டில் ஹார்வி தொழிற்சாலை வாசலில் நடந்து வந்தான். என் தொப்பி, என் நடை. காவலாளியைப் பார்த்து வாயைத் திறந்தான். வந்தது என் குரல் அல்ல.

முதலில் கருவியில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. வேறொரு நடிகரை வைத்துப் படம் முழுக்க டப்பிங் செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் வாங்குகிறவர்கள் என் பேச்சு புரியவில்லை என்றார்களாம். பேசியவர் நல்ல நடிகர். அவரோடு இரண்டு முறை நடித்திருக்கிறேன். அவர்மேல் எந்தக் குறையும் இல்லை. உதடு அசைவுக்குச் சரியாகப் பொருத்தியிருந்தார். எங்குமே இல்லாத ஓர் ஊரின் வடக்கத்திப் பேச்சு, சுத்தமாக, வழுவழுப்பாக இருந்தது. என் முகத்தைப் பார்த்து நானே, யார் இது என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேன்டீன் காட்சி வந்தது. அந்தக் குரல் ‘பேட்ச்’ என்றுதான் சொன்னது.

விளக்குப் போட்டதும் பியர்ஸ் என்னிடம் வந்தார். அவருக்கும் சங்கடம், பாவம். “நீங்க கேட்ட சொல்லை அப்படியே வெச்சிருக்கோம், சார். ஒரு எழுத்துகூட மாத்தல” என்றார்.

மார்ச்சில் உனக்கு நான் எழுதிய அதே வாதம். தயாரிப்பாளர் அம்மையாரும் வந்தார். ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில் அவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. எந்த ஒப்பந்தத்தையும் முழுதாகப் படிக்கிறவன் நான். அதையும் படித்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். எனவே குரலைத் திரும்பக் கேட்க எனக்கு வழியில்லை.

“அப்படீன்னா என் பேரை எடுத்துடுங்க” என்றேன்.

“என்ன சொல்றீங்க, ஆம்ப்ரோஸ்? தலைப்புல முதல் பேரே உங்க பேருதான்.”

“வெறும் முகத்துக்கு என் பேரைப் போடாதீங்க.”

“உங்க வாழ்க்கையிலேயே பெரிய வேஷம் இது.”

“ஆமா. அதனாலதான் சொல்றேன்.”

“ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லுங்களேன்.”

“அம்பது வருஷம் யோசிச்சாச்சுங்க.”

அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். நான் செய்தது முட்டாள்தனமோ என்று ஐந்தாறு முறை தோன்றியது. ஒவ்வொரு முறையும் திரும்பிப்போய்த் தாளை வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். எழுந்து பேருந்து நிறுத்தத்துக்குத்தான் போனேன்.

நவம்பர் ஆறாம் தேதி வியாழக்கிழமை, எட்டு மணிக்கு முதல் பகுதி. நீ பார்க்கவேண்டாம், அக்கா. நீ ஏழு ஞாயிறு சொல்லிக்கொடுத்தது எதுவும் அதில் இல்லை.

ஆம்ப்ரோஸ்


கோவென்ட்ரி
17 அக்டோபர் 1986

ஆம்ப்ரோஸுக்கு,

அழுதேன்னு எழுதமாட்டேன். ரெண்டு தட்டு உடைஞ்சுது, அவ்வளவுதான்.

பாக்காதேன்னு எனக்கு உத்தரவு போடாதே. ஆறாம் தேதி அஞ்சு மணி ரயிலுக்கு வா. உன் வசனப் புத்தகத்தையும் எடுத்துக்கிட்டு வா. என் டிவில சத்தத்தைக் குறைக்கறதுக்குன்னு ஒரு குமிழ் இருக்கு. அதைத் திருப்ப அமெரிக்காக்காரனோட அனுமதி எனக்கு வேண்டியதில்ல. அவனுக்குப் புரியலேன்னா போகட்டும். எங்களுக்குப் புரியும். நீ பேசு.

பல்பீர் நாற்காலி கொண்டுவர்றா.

ஹெஸ்டர்


லண்டன்
9 நவம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். பல்பீர் கௌர் கட்டிக்கொடுத்த பக்கோடா ரக்பி நிலையம் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. அவரிடம் சொல்.

உன் முன்னறையில் பதினோரு பேர் இருந்தார்கள். நீ குமிழைத் திருப்பியதும் ஊமைப்படம் போல ஆகிவிட்டதே, அந்த முதல் நிமிடம் எனக்கு உயிர் போய்விட்டது. உதடு முன்னால் ஓடியது, நான் பின்னால் ஓடினேன். “நிதானமாப் பேசுடா, ஹார்வி எங்கேயும் ஓடிடமாட்டான்” என்று நீ சொன்ன பிறகுதான் பிடி கிடைத்தது. மேனேஜரின் வரிகளை நீ வாசித்தாய். எழுதியவர் நினைத்ததைவிட நீ பொல்லாத மேனேஜர். ஆலையை மூடுவதாக அறிவித்தபோது, கறிக்கடைக்காரர் உன்னைப் பார்த்தே “உருப்படுவியா நீ?” என்று கத்திவிட்டார். ஹார்வியின் மனைவிக்குப் பேசிய பல்பீர், வசனத்தில் இல்லாததையெல்லாம் சேர்த்து என்னைத் திட்டினார். எதுவும் தப்பாகத் தோன்றவில்லை.

கடைசியில் பெயர்கள் ஓடின. முதல் இடத்தில் வேறொருவர் பெயர். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அப்போது நீ எழுந்து நின்று, திரையில் வராத பெயரை, முழுப் பெயரை, ஆம்ப்ரோஸ் டீலி என்று உரக்கச் சொன்னாய். அறையிலிருந்த எல்லோரும் நீ சொன்ன மாதிரியே திரும்பச் சொன்னார்கள். என் பெயரை அந்த ஒலியில் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

நாடகம் பற்றி இன்று ஒரு நாளிதழில் நான்கு வரி வந்திருக்கிறது. ஹார்வியாக நடித்தவர் யாரென்றே தெரியவில்லை, குரல் மட்டும் பிரமாதம் என்று எழுதியிருக்கிறார்கள். சிரித்தேன். தயாரிப்பாளர் அம்மையார் காலையில் தொலைபேசியில் கூப்பிட்டு, அடுத்த மூன்று பகுதிகளிலாவது பெயரைச் சேர்க்கலாமா என்றார். குரலையும் சேர்த்தால் சேர்க்கலாம் என்றேன். முடியாது என்றார். அப்படியானால் என்னாலும் முடியாது என்று சொல்லிவிட்டு, நன்றி கூறி வைத்தேன்.

முந்நூற்றுப் பதின்மூன்றாவது அட்டையை எழுதிவிட்டேன். நிகழ்ந்த இடம் என்ற வரியில் உன் வீட்டு முகவரியைப் போட்டிருக்கிறேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ரயிலில் வரும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மார்ச் மாதம் உனக்கு ஐந்து குறிப்புகள் எழுதினேன்; மூன்றாவது ரொட்டியின் பெயர், நான்காவது அப்பாவின் அடக்க நாள். மூன்றாவது தவறு என்று நீ சாதிக்கிறாய். அதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நம் வீட்டில் ‘பேட்ச்’தான், எந்த ஹிங்க்லிக்காரி வந்து சொன்னாலும்.

நான்காவது தவறு.

ஆம்ப்ரோஸ்